இரசம் போன கண்ணாடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் குடியிருப்பில் மாற்றல் உத்தரவு வந்த வீடுகளில் முதலிற் கழிக்கப்படும் பொருள் எது? பாட்டி காலத்துத் தேக்குச் சட்டமிட்ட நிலைக்கண்ணாடியே. "இரசம் போய்விட்டது, முகம் தெரியவில்லை" என்று பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்குமுன் அப்பொருளின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

"இரசம்" என்னும் சொல்லே ஒரு வரலாறு. முற்காலத்தில் மெல்லிய வெள்ளீயத் தகட்டின்மீது பாதரசத்தைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியைப் படியவைத்தனர். அதன் ஆவியால் தொழிலாளர் பலர் நடுக்க நோயுற்று நலிந்தனர். 1835-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், கண்ணாடியில் வெள்ளியைப் படியச் செய்யும் முறையைக் கண்டார். நாளடைவில் பாதரசம் அத்தொழிலை விட்டு நீங்கிற்று. நம் மொழியோ "இரசம்" என்ற பெயரை இன்றும் விடவில்லை.

கண்ணாடிப் பாளமே இல்லாத ஆடியும் உண்டு. கேரளத்து ஆறன்முளையில் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்துத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். அதில் விரல் நுனியை வைத்தால் விரலும் நிழலும் ஒன்றையொன்று தொடும். நம் வீட்டுக் கண்ணாடியில் இரண்டிற்கும் நடுவே இடைவெளி தோன்றும். பூச்சு பின்புறத்தில் இருப்பதே காரணம்.

அப்பூச்சு கறுப்பது ஏன்? ஓரங்களின் வழியே ஈரம் புகுந்து வெள்ளியை அரிப்பதால். ஆகவே, தண்ணீரை நேரே தெளித்துத் துடைத்தலாகாது. உலர்ந்த மெல்லிய துணியே போதும். ஓதமேறிய சுவரில் மாட்டலாகாது. பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று உலாவும். மிகப் பழைய பாதரசக் கண்ணாடியாயின் பின்பூச்சைச் சுரண்டுவது உடலுக்குத் தீங்கு. மாற்றலில் ஏற்றும்போது சமக்காளத்தாற் சுற்றி நிமிர்த்தியே நிறுத்துக. படுக்கவைத்த கண்ணாடி எளிதில் உடையும் என்பது பார்சல்களோடு பழகும் நாம் நன்கறிந்தது.

முகம் பார்க்கப் புதிய கண்ணாடி இருக்கட்டும். பழையதைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவோம். புள்ளி விழுந்த கண்ணாடியும் வெளிச்சத்தை உள்ளே பரப்பும். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸும் விரிந்து தோன்றும்.

ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு வீடும் சொந்தமன்று. ஆணியடிக்கும் சுவரும் சொந்தமன்று. நம் முன்னோர் முகம் பார்த்த கண்ணாடியேனும் நம்மோடு வரட்டும். நம் பிள்ளைகளும் அதன்முன் ஒருமுறை நிற்கட்டும்.