தட்டவேண்டிய கதவு



கவிதை கேட்க வந்த சபையிலே வடிகானையும் மதகையும் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். மாரி பிறந்துவிட்டால் இறக்காமத்திலும் வரிப்பத்தான்சேனையிலும் நம்முடைய பிள்ளைகள் செருப்பைக் கையிலே பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரிலே பள்ளிக்கூடம் போகிற காட்சியை வருஷந்தோறும் கண்டுவிட்டு, வேறொரு விஷயத்தைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னர் நான் குடியிருந்த தெருவிலும் அப்படித்தான் தண்ணீர் நின்றது. தெரு மதகைத் திருத்தித் தரும்படி அயலவர் முப்பது பேர் கையொப்பமிட்டு ஒரு மனு எழுதினோம். அதை வாங்கி வைத்துக்கொண்ட கந்தோர், இரண்டு மாரி கழிந்த பிறகு, அந்த மதகு தங்கள் பொறுப்பிலே இல்லையென்று வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்பியது. நாங்கள் மனம் கொதித்து நின்ற வேளையில், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, மதகின் கல்லிலே எந்தத் திணைக்களத்தின் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாள்தோறும் அந்த மதகின்மேல் நடந்த முப்பது பேரில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஒரு தெருவிலே தேங்கிய நீருக்கு மூன்று எஜமானர் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. உள்ளூர் ஒழுங்கையின் ஓரத்து வடிகான் பிரதேச சபையுடையது. அந்த வடிகான் போய்ச் சேரும் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம். இடையிலே குறுக்கிடும் வீதி ஏ, பி தரத்ததாயின் அதன் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையையும், சி, டி தரத்ததாயின் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தையும் சாரும். வடிகானை எத்தனை முறை வெட்டினாலும், மதகு அடைபட்டிருக்குமானால் தண்ணீர் நம் வாசலுக்கே திரும்பி வரும். தெருவிளக்கும் அப்படியே, கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது, அதிலே எரியும் விளக்கைப் பராமரிப்பது பிரதேச சபை.

பெயரின் ஒற்றுமையால் நம்மவர் பெரிதும் மயங்குவது பிரதேச சபையிடத்தும் பிரதேச செயலகத்திடத்துமே ஆகும். முன்னையது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பாதைகளையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பரிபாலிப்பதற்கென்று நம்முடைய வாக்குகளினாலே அமைகின்ற சபை. பின்னையது, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தினால் அதிகாரம் பெற்ற பிரதேச செயலாளரைத் தலைமையாகக் கொண்டு, மத்திய அரசாங்கத்தின் கரமாய் நிற்கின்ற கந்தோர். குப்பை அள்ளவில்லையென்று பிரதேச செயலாளரிடமும், காணி உத்தரவுப்பத்திரம் கிடைக்கவில்லையென்று சபைத் தவிசாளரிடமும் முறையிட்டு, இரண்டிடத்திலும் கிடைத்த மௌனத்தை அலட்சியமென்று எண்ணி மனம் நொந்து வீடு திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

என் மூத்தவாப்பாவின் காலத்திலே இவ்வளவு மயக்கம் இருக்கவில்லை. ஊர் வழக்குக்கு விதானையார், அவருக்குமேல் வன்னியனார், வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வட்டவிதானை என்று வயலிலே வேலைசெய்யும் முல்லைக்காரனுக்கும் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் தெரிந்திருந்தது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வயல் நீரைப் பற்றிய பழைய வழக்கங்களைக் கைவிடாமல், அவற்றுக்கே சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. ஆனாலும் அக்காலத்தை நான் புகழ மாட்டேன். விதானையாரின் வாசல் சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. திறக்காதபோது போய்நிற்க வேறு வாசலும் இல்லை. 1963இல் அந்த விதானையார் முறை நீங்கிக் கிராம சேவகர் வந்தார். இன்று வாசல்கள் பலவாயின. அவற்றை அறிந்துகொள்ளும் சிரமம் நம்முடையதாயிற்று.

நம் ஊருக்கோ அந்தச் சிரமம் திசைதோறும் பிரிந்து கிடக்கிறது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபின் கச்சேரிக் காரியங்களுக்கு நாம் மேற்கே அம்பாறைக்குப் போகிறோம். நுளம்பு பெருகி டெங்கு பரவினால், நமது சுகாதார வைத்திய அதிகாரிக்கு மேலேயுள்ள பிராந்தியப் பணிமனை கல்முனையிலே இருக்கிறது. பாடசாலைக் குறைகளுக்கு வலயக் கல்விப் பணிமனை சம்மாந்துறையிலே. மாகாண அமைச்சுகளோ திருகோணமலையிலே. தவறான திசைக்கு ஒரு முறை பஸ் ஏறினால், கூலிக்காரனுக்கு ஒரு நாட்சம்பளம் போய்விடும். மொழியும் ஒரு தடையாக வந்து நிற்கும். அம்பாறையிலே சிங்களத்தில் எழுதிய கடிதம் கைக்கு வந்தால் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அரசாங்க உத்தியோகஸ்தருடன் தமிழிலே எழுதிக் காரியம் நடத்தவும், தமிழிலே மறுமொழி பெறவும் அரசியலமைப்பே நமக்கு உரிமை தந்திருக்கிறது.

இரண்டு கந்தோர்கள், 'எங்களுடையதல்ல, எங்களுடையதல்ல' என்று ஒரு மதகைக் கைகழுவும்போது என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இதற்காகவே கையிலெடுங்கள். அந்தச் சட்டத்தின்கீழ் மதகைத் திருத்தித் தரும்படி கேட்க இயலாது. 'இந்த மதகைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்குரியது, கடைசியாக அது எப்போது திருத்தப்பட்டது?' என்று அந்தக் கந்தோரின் தகவல் அலுவலரிடம் எழுத்திலே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவைத் தெரிவிக்கவேண்டும். கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்திலே ஒப்புகையும் தரவேண்டும். அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் முப்பது பேரிடமும் அன்று இல்லாமற்போனது அந்தத் துண்டுக் காகிதமே.

இனி என் விண்ணப்பம். நம் ஊரின் மதகுகள், வடிகான்கள், வாய்க்கால்கள், விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய கந்தோர் எது, அது எந்த ஊரிலே இருக்கிறது என்று எழுதிய கொப்பி ஒன்று, யாரும் வந்து புரட்டிப் பார்க்கும்படி நமது நூலக மேசையிலே கிடக்கவேண்டும். அதற்கான கொப்பியை வாங்கி வந்திருக்கிறேன். முதற்பக்கத்திலே எங்கள் தெரு மதகை எழுதியும் இருக்கிறேன். நாளை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்றலிலிருந்து புறப்பட்டு, முதலிலே பிள்ளைகள் போகிற வழியைப் பார்ப்போம். கூட வரக்கூடிய இளைஞர்கள், இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் என்னிடம் பெயரைத் தாருங்கள்.