யாருக்கும் ‘இல்லை’ சொல்லாத நல்ல பையன்

ஹாரெம் அனிமே ஹீரோவை உங்களுக்கே நல்லா தெரியும். ரொம்ப நல்ல பையன். சுத்தி அஞ்சு பொண்ணுங்க இருப்பாங்க, யார்கிட்டயும் ‘இல்லை’ன்னு சொல்ல மாட்டான். அந்தத் தயக்கத்தை வச்சே சீசன் முழுக்க காமெடி ஓட்டிடுவாங்க. யாருக்கும் பெருசா வலிக்காது. அந்தத் தயக்கத்துக்கு பில் போட்ட ரெண்டு விஷுவல் நாவல் பத்தி இன்னைக்குப் பேசலாம். ஸ்பாய்லர் இருக்கு, சொல்லிட்டேன்.

முதல்ல 2005-ல வந்த ஸ்கூல் டேஸ். எல்லாரும் இதோட ரத்தக்களறி முடிவுகளைத்தான் பேசுவாங்க. என்னை உலுக்கினது அது இல்லை. முழுக்க அனிமேஷனா ஓடுற கேம் இது. கேள்வி வந்தா பதில் சொல்ல சில நொடிதான் தருவாங்க. நீங்க எதையும் க்ளிக் பண்ணலைன்னா கதை நிக்காது. மகோதோ வாயைத் திறக்கலைன்னு எடுத்துக்கிட்டு அது பாட்டுக்குப் போகும். கோதோனோஹா எதிர்ல நிக்கிறா, நான் மவுஸ்ல கையை வச்சிக்கிட்டு சும்மா இருந்தேன். தப்பா எதையும் சொல்லிடக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான்! அந்த மௌனமும் ஒரு பதிலாத்தான் கணக்குல ஏறுச்சு.

அடுத்தது ஒயிட் ஆல்பம் 2. எழுதினவர் மருதோ ஃபுமியாகி. ஆமா, ஹாரெம் பாணியையே கிண்டல் பண்ற சயேகனோவை எழுதின அதே மனுஷன். 2010-ல வந்த முதல் பாகத்துல நமக்குத் தேர்வே கிடையாது. ஹருகி, செட்சுனா, கசுசா மூணு பேரும் பள்ளி விழா மேடையில ஒண்ணா பாடி வாசிக்கிறாங்க. அப்புறம் செட்சுனா காதலைச் சொல்றா, ஹருகி ஒத்துக்கிறான். மனசு மட்டும் கசுசாகிட்ட. எல்லாம் உடையுறதை நாம பார்த்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

2011-ல வந்த அடுத்த பாகத்துலதான் தேர்வுகள் வருது. ஹருகியும் செட்சுனாவும் காலேஜ் போயிட்டாங்க. ஹாரெம் கதையில புதுப் பொண்ணு வந்தா நமக்குக் கொண்டாட்டம். இங்க புதுசா யார் ரூட்டுக்குள்ள போனாலும், ஹருகி செட்சுனாகிட்ட இருந்து ஓடுறான்னுதான் தெரியும். கசுசாவையே முழுசா தேர்ந்தெடுத்தா? வேலை, நண்பர்கள் எல்லாத்தையும் விட்டுட்டு ஜப்பானை விட்டே போறான்.

அந்த ரூட்டை முடிச்சிட்டு ரெண்டு நாள் கேமைத் திறக்கலை. மூணாவது நாள், எல்லா ரூட்டும் முடிக்கணுமேன்னு பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணேன். செட்சுனா எதுவுமே நடக்காத மாதிரி சிரிச்சா.