“அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா சாமி?”
(யூபிலி ஆண்டு இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



வேலை தேடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மனு எழுதும் முறையைச் சொல்ல நான் வரவில்லை. மனுவே போடாமல் இருந்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சென்ற வாரம் நம் பங்குப் பெண் ஒருத்தி வந்தாள். பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. பெரிய தொழிற்சாலை ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினேன். சம்பளத்தைக் கேட்கவில்லை. “அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா சாமி?” என்றாள். படத்தில் இருந்த முகங்களைப் பார்த்தாள். தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டாள். அவள் தம்பியோ வேறு ரகம். யார் இருந்தால் என்ன, இயந்திரத்தில் கை வைக்க விடுவார்களா என்பான். ஒரே வீடு, ஒரே தெரு!

அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாம் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் மதிப்பை நம் மதிப்பாகவே எண்ணுகிறோம் என்று தாஜ்ஃபெல், டர்னர் என்ற உளவியலார் இருவர் 1979இல் எழுதினார்கள். நமக்கு இது தெரியாததா? பெண் வீட்டில் “மாப்பிள்ளை ரயில்வே” என்கிறோம். அங்கே என்ன வேலை என்பது காப்பி வந்த பிறகுதான்!

ரயில்வே என்றதும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. தகப்பன் எஞ்சின் டிரைவர் என்றால் மகனுக்கும் அதே கனவு. ரயில்வே, சுங்கம், தபால் தந்தி இலாகாக்களில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை அரசியல் சட்டத்தின் 336ஆம் பிரிவு படிப்படியாகக் குறைத்து, 1960இல் முடித்துவிட்டது. பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். வேலை போனதைவிட, ‘இது எங்கள் இடம்’ என்ற உரிமை போனதுதான் பலரை அதிகம் வருத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் பெண்ணின் தயக்கம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியார் கம்பெனிகளுக்கு ஒரே தகுதியுள்ள மனுக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வொன்றைத் தோரட், அட்டுவெல் என்னும் இருவர் 2007இல் வெளியிட்டார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. ஆகவே அடைத்த கதவும் உண்டு. ஆனால் அவள் தட்டவே இல்லையே! இந்தக் கதவு எப்படிப்பட்டது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தத் தாள் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.