பரணில் உறங்கும் தொட்டில்கள்

(மஹல்லா இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று இஷா தொழுது வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். பரணில் ஏறிப் பாருங்கள். உங்கள் கடைசிப் பிள்ளை படுத்திருந்த ஸ்டாண்டு தொட்டில் அங்கே இருக்கும். குடைபோல் விரியும் கொசுவலை இருக்கும். நாலைந்து மாதமே போட்ட ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, ரப்பர் விரிப்பு, இரண்டு மூட்டைத் துணி. அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறான்! தொட்டில் யாருக்காகக் காத்திருக்கிறது?

அதே தெருவின் மறு முனையில் ஓர் அத்தா மகளின் தலைப்பிரசவத்துக்காக வட்டிக்காரன் வாசலில் நிற்கிறார். குழந்தையைத் தொட்டிலோடும் துணிமணியோடும்தான் மாமியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்! மார்க்கம் சொல்லாத வழக்கம். வரதட்சணையை மேடைதோறும் கண்டிக்கிறோம். தொட்டில் சீரை மட்டும் பாசம் என்று பெயர் சொல்லி விட்டுவிடுகிறோம்.

அல்மாஊன் என்ற சிறிய அத்தியாயம் நம்மில் அநேகருக்கு மனப்பாடம். அதன் கடைசிச் சொல்லே அதன் பெயர். அண்டை அயலார் ஒருவருக்கொருவர் இரவல் தரும் சட்டி, வாளி, கோடாரி போன்ற புழங்கு பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். ஜகாத் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. முதல் விளக்கத்தின்படி பார்த்தால், உங்கள் பரணும் அந்த அத்தியாயத்துக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் குழந்தைப் பொருட்களுக்கான ஓர் இரவல் அறையைத் தொடங்குங்கள் என்கிறேன். கவனியுங்கள், இரவல் அறை! தர்ம விநியோகம் அல்ல. இந்த வேறுபாட்டை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மேடை போட்டு, பிரமுகர் ஒருவரின் கையால் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிகளும் கொசுவலையும் வழங்கினோம். போட்டோ பிடித்தோம். அன்று இரவு ஒரு பெண்ணின் தாயார் அந்தப் பையை அப்படியே என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். "அஜ்ரத், இது எங்களுக்கு வேணாம். அந்தப் போட்டோவை மட்டும் போர்டுல ஒட்டிராதீங்க" என்றார். போட்டோ எடுக்கச் சொன்னது நான்தான். அந்தப் பையை வெகுநாள் வரை என்னால் பிரிக்க முடியவில்லை. இன்று போர்டு போய் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபின்லாந்து நாட்டில் 1938-ல் தாய்மார்களுக்குக் குழந்தைப் பொருட்கள் அடங்கிய பெட்டியை அரசு கொடுக்கத் தொடங்கியது. முதலில் வறிய தாய்மார்களுக்கு மட்டும்தான். 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் என்று ஆக்கினார்கள். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெட்டி என்றால் வாங்குகிறவளுக்கு என்ன கூச்சம்? நம் தமிழக அரசும் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பெட்டகத்தை 2015-ல் தொடங்கியது. சோப்பு, எண்ணெய், துண்டு, கொசுவலை எல்லாம் அதில் இருந்தன. நல்ல காரியம். ஆனால் தொட்டில் இல்லை!

வணிகச் சகோதரர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. கிடங்கில் ஈரம் படாத ஒரு மூலை கேட்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன், அது பணத்தைவிடக் கடினம். முதல் தொட்டிலை உங்கள் மருமகள் இரவல் வாங்கட்டும். ஜவுளிக்கடை முதலாளியின் பேரன் அதில் தூங்கி எழுந்த பிறகு, கூலிக்காரரின் பேரன் தூங்கினால் யார் என்ன பேச முடியும்?

கொடுக்கல் வாங்கல் முழுவதும் பெண்கள் கையில் இருக்கட்டும். பெண்கள் மதரஸாவின் ஆசிரியைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். பொருளின் எண், போன தேதி, வந்த தேதி ஆகியவற்றைக் குறிக்க ஒரு நோட்டு போதும். அதை ஆண்கள் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இளைஞர்களின் வேலை தூக்குவது, கொண்டுபோய் இறக்குவது, தொட்டிலின் போல்ட்டு, கொக்கி, ஸ்பிரிங் மூன்றையும் ஒவ்வொரு முறையும் சோதிப்பது. துரு ஏறிய கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியுங்கள். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்த பிறகே அறைக்குள் அனுமதியுங்கள். கிழிந்த கொசுவலையைக் கொண்டுவந்து நன்மை தேடுகிறவரைச் சலாம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டு பொருட்களை வாங்கவே வாங்காதீர்கள். ஒன்று, பால் பவுடரும் பால் புட்டியும். 1992-ல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டப்படி, அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் இவற்றைத் தானமாக வழங்கக் கூடாது. இரக்கப்பட்டுக் கொடுக்கும் டின் தாய்ப்பாலை நிறுத்திவிடும் என்பதுதான் காரணம். இரண்டு ஆண்டுப் பாலூட்டலைக் குர்ஆனில் ஓதும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? மற்றொன்று, குழந்தையை உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர். படியில் உருண்டு மண்டை உடைவதால் கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு. குழந்தை நின்று தள்ளுவது. அதை வாங்கிக்கொள்ளலாம்.

ஜகாத் பணத்தை இதில் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. ஜகாத் உரியவருக்கு உடைமையாகவே போய்ச்சேர வேண்டும். இரவல் பொருள் திரும்பி வருவது. இதற்கு சதகா போதும். இரவல் பொருள் சேதமானால் ஈடு உண்டா? ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை மதரஸாவில் வைத்துக்கொள்வோம். ஈடு கேட்கும் உரிமை இருந்தாலும் நாம் கேட்க வேண்டாம். குழந்தை படுத்த துணி கறை படாமலா திரும்பும்?

கேட்டு வருபவர் எந்த மதத்தவர் என்று நோட்டில் ஒரு கட்டம் போட்டுவிடாதீர்கள். பிரசவம் முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கும் பெண் உங்கள் தெருக்காரி, அது போதும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் என் வீட்டுத் தொட்டிலை நானே கொண்டு வருகிறேன். அதன் ஒரு கால் ஆடுகிறது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.