இல்லந்தோறும் ஒரு களஞ்சியம்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அம்மனை அன்னபூரணியாக அலங்கரிக்கும் நாளில் அவள் திருக்கரத்தில் சூலத்தைக் காண்பதில்லை, கரண்டியைத்தான் காண்கிறோம். சோறு இடுவதையும் சோற்றுக்கு வழி செய்து வைப்பதையும் தெய்வத்தின் தொழிலாகவே நம் முன்னோர் கருதினர். தஞ்சைத் தரணியில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வட்டக் கட்டடம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். கோயில் என்றால் கோபுரமும் மண்டபமும் மட்டுமன்று, ஊருக்கு உணவு காக்கும் இடமும் அதுதான் என்பதற்கு அக்களஞ்சியமே சான்று. வீடுகளிலும் அவ்வாறே. மண்ணால் குழைத்துச் செய்த குதிர் இல்லாத உழவர் வீடு அந்நாளில் அரிது.

அந்தக் குதிர் கப்பல் ஏறவில்லை. மலாயாவுக்கு வந்த தமிழர் தோட்டத்து லயங்களில் குடியேறினர். அரிசி தோட்டத்துக் கடையில் கிடைத்தது. சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்பட்டது. பால்மரம் சூழ்ந்த ஜொகூரில் நெல் விளைவித்தவர் மிகச் சிலர். போருக்கு முந்திய மலாயா, தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வரவழைத்தது. இரப்பரை விற்று அரிசியை வாங்கிக்கொள்ளலாம் என்பதே அன்றைய அரசின் கணக்கு. கப்பல் வரும்வரையில் அந்தக் கணக்கில் பிழை இல்லை.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 31-ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின்னர் இரப்பரை வாங்குவார் இல்லை. தோட்டங்களில் வேலையும் இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பர்மாவும் சயாமும் அதே ஜப்பானியரின் பிடியில்தான் இருந்தன. நெல் விளையும் நிலம் எங்கும் போய்விடவில்லை. அதைக் கொண்டுவரக் கப்பல் இல்லாமற் போயிற்று. கப்பல்கள் யாவும் போருக்குப் போய்விட்டன. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. சம்பளமாகக் கிடைத்த வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்து, இறுதியில் வெறுங் காகிதமாயிற்று.

ஆடவர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அந்தக் கொடுமை நூல்களில் ஓரளவு பதிவாகியிருக்கிறது. லயத்தில் எஞ்சிய தாய்மார்கள் மூன்றரை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்து உயிர் காத்தார்கள் என்பதோ மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு.

குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் முளைக்கும் பயிர் அது. ஒன்பது, பத்துத் திங்களில் ஒரு செடிக்கு இரண்டு மூன்று கிலோ கிழங்கு கிடைக்கும். ஆயினும் அதை உண்ணத் தெரிந்திருக்க வேண்டும். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு நஞ்சு உண்டாகக்கூடிய பொருள் இருக்கிறது. கசப்பு வகையில் அது மிகுதி. தடித்த தோலை முழுதும் உரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்புக் கிழங்கைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தினாலன்றி உண்ணலாகாது. துருவலைத் துணியில் இட்டுப் பிழிந்தால் அடியில் மாவு படியும். மேல்நீரை வடித்து, மீண்டும் நீர் ஊற்றித் தெளியவைத்து, உலர்த்தி எடுத்தால் அது பல திங்கள் கெடாது. கிழங்குப் புட்டு, கிழங்கு ரொட்டி, மாவுக் கஞ்சி யாவும் இவ்வாறு பிறந்தவையே. இந்தச் செய்முறைகளை அந்தத் தாய்மார்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்து அறிந்தனர்.

வயிறு நிறைந்தும் உடல் நலியக் கூடும் என்பதை அக்காலம் காட்டியது. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டே தவிர, நூறு கிராமுக்குப் புரதம் ஒரு கிராம் அளவே தேறும். வைட்டமின் பி1-உம் குறைவு. கால் வீக்கமும் ஆறாத புண்ணும் பரவின. முருங்கைக் கீரை, மரவள்ளிக் கொழுந்து (அதையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்), தட்டைப்பயறு, ஆற்று மீன் என்று எதையேனும் சேர்த்துக்கொள்ள முடிந்த வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

இந்த இடத்தில், தமிழர் சமையலறையின் பெருமையாகக் கொள்ளத்தக்க பழைய செய்தி ஒன்றை நினைவுகூர்தல் தகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கு அந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கண்டு 1907-இல் நூலாக எழுதினார். அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், ஜெலுபு வட்டாரத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தனர். பெரிபெரி வெள்ளை அரிசிப் பிரிவிலேயே தோன்றியது. 1909-இல் வெளியான அவ்வாய்வு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. வைட்டமின் என்னும் சொல்லே அப்போது பிறக்கவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. எத்தனையோ தலைமுறைப் பெண்கள் நெல் அவித்துக் காயவைத்ததன் பயன், ஆய்வுக்கூடத்தில் அன்றுதான் தெரிந்தது. சம்பாதித்த பணத்துக்கு வெண்மை மிகுந்த அரிசிதான் கௌரவம் என்று இன்று சில வீடுகளில் எண்ணுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கைப்பழக்கம் இல்லாதவர் நிலத்தை நம்பிச் சென்றால் என்ன நேரும் என்பதற்கும் இம்மாநிலத்திலேயே சான்று உண்டு. 1943-இல் சிங்கப்பூரின் உணவுச் சுமையைக் குறைக்க, சீனக் குடும்பங்கள் ஜொகூரின் எண்டாவுக்கு அனுப்பப்பட்டன. சுமார் 12,000 பேர் அங்கே குடியேறினர். யூரேசியர், சீனர் உள்ளிட்ட கத்தோலிக்கர் நெகிரி செம்பிலானின் பகாவுக்கு அனுப்பப்பட்டனர். எண்டாவில் நிலமும் நீரும் ஒருவாறு ஒத்துழைத்தன. பகாவில் மண் வளமில்லை. நல்ல குடிநீர் இல்லை. மலேரியா கொடிதாக இருந்தது. எழுதுகோல் பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது.

போர் முடிந்த பின்னும் அரிசிப் பங்கீடு உடனே நீங்கவில்லை. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகாதிருக்க, தோட்டத் தொழிலாளர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். சில வட்டாரங்களில் அரிசியைப் பொதுவில் வேகவைத்துச் சோறாகவே வழங்கினர். சோறு விரைவில் கெடும், பதுக்க இயலாது என்பதே காரணம். வீட்டில் பச்சை அரிசி இருப்பதே குற்றமாயிற்று. சேமிக்கும் வழக்கம் தோட்டத்தில் தளர்ந்ததற்கு வறுமையோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடுமாறு மக்களை அழைத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் எழுந்தன. ஸ்கூடாயிலும் மாசாயிலும் அடுக்குமாடியில் வாழும் குடும்பத்துக்கு மண் என்பது தொட்டியில் உள்ள மண்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று இளைஞர் கருதலாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இருமுறை பெருகிய வெள்ளத்தில் கோத்தா திங்கி நகரம் மூழ்கியது. மாநிலம் எங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து தங்கினர். 2020 மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. 18-ஆம் நாள் அது நடைமுறைக்கு வருமுன்பே பேரங்காடித் தட்டுகள் வெறுமையாயின. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்களில் வெள்ளம் பல நாள் வடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் நாள் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. பத்துக் கிலோ 26 வெள்ளி எனக் கட்டுப்பாட்டு விலையில் இருந்த உள்ளூர் அரிசி கடைகளில் காணாமற்போனது. தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. 1942-ஐப் போலவே அப்போதும் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. நம் கைக்கு வரவில்லை, அவ்வளவே.

ஆகவே வீட்டுக்கு வேண்டிய யாவற்றையும் வீட்டிலேயே விளைவிக்கலாமா எனில், அது ஆகாத காரியம். கணக்குப் பார்த்தால் விளங்கும். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 80 கிலோ அரிசி எனக் கொண்டால், ஐவர் உள்ள வீட்டுக்கு 400 கிலோ. இருபதுக்கு எழுபது அடி மனையில் வீட்டையே இடித்து நெல் விதைத்தாலும், ஒரு போகத்தில் 35 கிலோ அரிசி தேறினால் மிகுதி. ஒரு திங்களுக்கு மேல் அது வராது. தற்சார்பு என்பதை இந்த அளவில் புரிந்துகொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.

இயலக்கூடியது வேறு. அந்த ஐவர் வீட்டில் பத்துக் கிலோ மூட்டை ஒன்பது நாளுக்கு வரும். வழக்கமான மூட்டைக்கு மேல் இரண்டு மூட்டை எப்போதும் இருக்குமானால் ஏறக்குறைய மூன்று வாரம் கவலையில்லை. அவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. தட்டுப்பாடு வந்த பிறகு வாங்கிக் குவிப்பது பதுக்கல், தட்டுப்பாடு இல்லாத நாளில் சிறுகச் சிறுகச் சேர்ப்பது முன்னேற்பாடு. பருப்பு, புளி, உப்பு, எண்ணெய், நெத்திலிக் கருவாடு ஆகியவற்றுக்கும் இதே முறை. புதியதைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே எடுக்க வேண்டும். இல்லையேல் சேமிப்பு வண்டுக்கு விருந்தாகிவிடும். இந்நாட்டு ஈரக்காற்றுக்குக் காற்றுப் புகாத டின்னே ஏற்றது. தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது சில திங்களில் சிக்கு வாடை அடிக்கும். நெடுநாளைக்குப் புழுங்கலே பொருத்தம். வெள்ளம் வரும் பகுதிகளில் அரிசி டின் தரையில் இருக்கலாகாது. அடுப்பு எரியாத நாளுக்கு அவலும் வறுத்த சத்துமாவும் குடிநீரும் தனியே இருக்கட்டும். குளிர்பெட்டியை நம்பியவர் மின்சாரம் நின்ற மறுநாளே கைவிரிக்க நேர்ந்ததை வெள்ளப் பகுதி மக்கள் அறிவர்.

பொருளைக் கடையில் வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க இயலாது. மோர்மிளகாய் போடுவதைப் பாருங்கள். மிளகாயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அம்மோரிலேயே போட்டு, மோர் முழுதும் வற்றும்வரை இவ்வாறு செய்ய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும். ஜொகூரில் மாலை மழை சொல்லாமல் வரும். எந்த மேகத்தைக் கண்டால் முறத்தை உள்ளே எடுக்க வேண்டும் என்பதை லயத்து வாசலில் வடகம் காயவைத்த பாட்டிமார் அறிவர். ஜப்பானியர் காலத்தைச் சிறுமியராகக் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பர். அவர்களிடம் கேட்டுக்கொள்ள எஞ்சியிருக்கும் காலம் குறுகியது.

இதன் பொருட்டு நிருவாகத்தின் முன் ஒரு யோசனை வைக்கப்படுகிறது. ஆலய மடைப்பள்ளியில் பெரிய பாத்திரங்கள் உள்ளன; பின்புறம் வெயில் விழும் சிமெண்டுத் தரை உள்ளது. தைப்பூசம் முடிந்து மாசி, பங்குனியில் மழை சற்று ஓயும். அந்நாள்களில் ஞாயிறுதோறும், பூசைக்குப் பின், மூத்த தாய்மார் இருவரோ மூவரோ கூழ் வடகமும் வத்தலும் கிழங்கு மாவும் செய்து காட்டலாம். பெண்பிள்ளைகள் மட்டுமன்றி ஆண்பிள்ளைகளும் உடன் நின்று செய்யட்டும். ஒருவர் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். “ஒரு கை உப்பு” என்று பாட்டி சொன்னால், அந்தக் கை எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்தே எழுத வேண்டும். காய்ந்த பண்டங்களில் ஒரு பங்கு அன்னதானக் கூடத்துக்கும், மறு பங்கு செய்தவர்களின் வீட்டுக்கும் போகலாம். முதல் ஞாயிறுக்கு வேண்டியவை பத்துக் கிலோ பச்சரிசி, உப்பு, சீரகம், நான்கு பழைய வேட்டிகள், காகம் விரட்ட ஒரு சிறுவன்.