கூடவே படுவது

வடலூரிலிருந்து பேசுகிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. தேர்தல் வந்தால் 'சிம்பதி ஓட்டு' என்று டீக்கடை வரைக்கும் அடிபடுகிறதே, அந்தச் சொல்லின் வினை வடிவத்தை இன்று பார்க்கலாம்: 'சிம்பதைஸ்'.

கிரேக்கத்தில் 'சுன்' என்றால் கூட, சேர்ந்து. 'பாதோஸ்' என்றால் ஒருவர் படுவது. துன்பமாகவும் இருக்கலாம், உணர்ச்சியாகவும் இருக்கலாம். பேத்தாலஜி, ஹோமியோபதி இரண்டிலும் ஒளிந்திருப்பது இந்தப் பாதோஸ்தான். பகரம் வந்ததும் 'சுன்' என்பது 'சும்' ஆகிவிடும். புணர்ச்சி விதி படித்த நமக்கு அதில் என்ன ஆச்சரியம்! ஆக, சிம்பதி என்றால் கூடவே படுவது.

பழைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவக்காரர்கள் இதை மனிதர்களோடு நிறுத்தவில்லை. உலகமே பிணைந்து கிடக்கிறது, ஓரிடத்தில் அசைந்தால் இன்னோரிடத்தில் அதிரும் என்றார்கள். சிதாரில் மேல் தந்தியை மீட்டினால் விரல் படாத கீழ்த் தந்திகளும் ஒலிக்குமே, அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'சிம்பதெடிக்' தந்திகள் என்றே பெயர்.

வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் கிரேக்கத்தை விட்டுவிட்டு, பசித்தவர்களுக்குச் சோறு போடும் எங்கள் ஊர்த் தருமசாலைக்குப் போய்விடுவேன். "சார், இது சிலபஸ்ல இல்லையே" என்பார்கள் பிள்ளைகள். இருக்கட்டும். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' எழுதியவர், எல்லாத் துன்பத்திலும் பசியைத்தான் முன்னால் நிறுத்தினார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்வதெல்லாம் அவர் கணக்கில் சேராது, சோறு போட வேண்டும். பயிர் வாடினால் தானும் வாடியவர் அவர். ஸ்டோயிக்குகள் ஏட்டில் எழுதியதை இந்த ஊரில் இலை போட்டுப் பரிமாறினார் என்பேன்.

நேரம் ஓடுகிறது, சொல்லுக்குத் திரும்புவோம். ஒரு கட்சியோடு 'சிம்பதைஸ்' செய்கிறார் என்றால் அழுகிறார் என்றல்ல, அதன் கொள்கை அவருக்கு உடன்பாடு என்று பொருள். இதற்குப் பக்கத்துச் சொல்லான 'எம்பதி' என்பது 1909-இல் டிட்ச்னர் என்ற உளவியலாளர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த புதுச்சொல். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

'ஐ சிம்பதைஸ் யூ' என்று ஆறுதல் கடிதம் எழுதும் மாணவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அன்பர்களே, நடுவில் 'வித்' போடுங்கள். தைப்பூசத்துக்கோ வேறு எந்த நாளிலோ வடலூர் வந்தால், தருமசாலையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.