ஆர்க்கிட் செடிக்கு ஏற்ற தொட்டி



இசையும் கவிதையும் நிறைந்த இவ்விழா மேடையில் பூந்தொட்டியைப் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கின்றீர்கள். மேடைக்குப் பொருந்தாத பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பிரமபுத்திராவின் கரையில் குடியமர்ந்துவிட்ட நம் குடும்பங்களுள் ஆர்க்கிட் வாங்காத வீடு அரிது. வாங்கிய செடி மூன்றாம் ஆண்டிலும் உயிரோடிருக்கும் வீடு அதனினும் அரிது. ஆதலின் இதனைப் பேசத்தான் வேண்டும்.

சித்திரை பிறந்ததும் இங்கே ரங்காலி பிகு வருகின்றது. அசாமியப் பெண்கள் கொண்டையில் கபௌ பூச் சூடி ஆட வருகின்றார்கள். அசாமின் மாநில மலரும் அதுவே. மல்லிகைச் சரம் சூடிப் பழகிய நம் பெண்கள், ஊதாப் புள்ளியிட்ட அந்த வெண்பூங்கொத்தைக் கண்டு ஆசைப்படுவது இயற்கை. செடியை வாங்கி வந்தவுடன் நாம் செய்வது என்ன? பெரிய தொட்டி, நல்ல மண், சாணி எரு, காலையும் மாலையும் தண்ணீர். துளசிக்கும் ரோஜாவுக்கும் செய்யும் உபசாரமெல்லாம் இதற்கும் நடக்கின்றது. ஆடி மாத மழை ஓய்வதற்குள் வேர் கறுத்து அழுகி, தொட்டால் செடி கையோடு வந்துவிடுகின்றது. மண் சரியில்லை என்கின்றோம்; கண்ணேறு என்கின்றோம்; தொட்டியை மட்டும் எவரும் குறை கூறுவதில்லை.

கபௌ மண்ணில் வாழும் செடி அன்று. மரக்கிளையைப் பற்றி வளர்வது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டுமே கேட்கின்றது. அதன் வேரை உற்றுப் பாருங்கள். பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று அதனைப் போர்த்தியிருக்கும். மழை பட்டதும் அவ்வுறை நீரை உறிஞ்சிப் பச்சையாகும். காற்றில் உலர்ந்ததும் மீண்டும் வெளுக்கும். நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ வேண்டும். ஓயாத ஈரத்தில் காற்றின்றிக் கிடந்தால் வேர் அழுகும். ஆகவே, ஆர்க்கிட்டுக்குத் தொட்டி என்பது மண்ணைக் கொள்ளும் பாத்திரம் அன்று. செடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு வழிவிடும் ஒரு கை.

கபௌவுக்கும் வண்டாவுக்கும் மிகச் சிறந்தது மரச்சட்டங்களால் ஆன தொங்கு கூடை. உள்ளே நாலைந்து பெரிய கரித்துண்டுகள் போதும். ஒன்றுமே இடாவிட்டாலும் குற்றமில்லை. கபௌவின் பூங்குலை கீழ்நோக்கித் தொங்குவதாகையால், தரையில் வைத்த தொட்டி அதற்கு அழகும் ஆகாது.

டெண்ட்ரோபியத்துக்கு மண்தொட்டி நன்று. அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் துளை இருத்தல் வேண்டும். செடிக்குச் சிறிதோ என்று ஐயுறத்தக்க நான்கு, ஐந்து அங்குலத் தொட்டியே சரியானது. பெரிய தொட்டியின் நடுவில் ஈரம் நாள்கணக்கில் தங்கிவிடும். பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன் என்பதை நம் பாட்டிமார் அறிவர். அதே காரணத்தால் மண்தொட்டி வேரையும் குளிர்ச்சியாக வைக்கின்றது. புதுத் தொட்டியை ஒருநாள் நீரில் ஊறவைத்த பின்னரே செடியை வைக்க வேண்டும். இல்லையேல் வேருக்குரிய ஈரத்தைத் தொட்டியே குடித்துவிடும். நிரப்புவதற்குக் கரி, செங்கல் துண்டு, நன்கு ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவை ஏற்றவை.

ஃபெலனாப்சிஸ் செடியைக் கடைக்காரர் தரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டுவிடலாம். மலிவுப் பொருள் என்று முகம் சுளிக்க வேண்டா. வேர் பச்சையாகத் தெரிந்தால் தண்ணீர் வேண்டியதில்லை என்பதை அது நமக்குக் காட்டிவிடும். பிளாஸ்டிக்கில் ஈரம் மெல்லத்தான் உலரும். மழைக்காலத்தில் கூரையடியில் இருக்கட்டும். கடைவீதியில் விற்கும் பளபளப்பான பீங்கான் தொட்டியோ வரவேற்பறைக்கு மட்டுமே உதவும். விருந்தினர் வரும்நாள் அதனுள் வைத்து, அவர்கள் சென்றதும் எடுத்துவிடுங்கள்!

சிம்பிடியம் மட்டும் வேறு வகை. அதன் வேர் கீழ்நோக்கி இறங்குவதால் ஆழமான தொட்டி வேண்டும். ஆனால் பெருமலர் வகைகள் குளிர்ந்த இரவை நாடுவன. ஷில்லாங் அன்பர்களுக்கு அவற்றை விட்டுவிடுவோம்.

செடியைப் பண்ணைகளிலிருந்தே வாங்குங்கள் என்றும் வேண்டுகின்றோம். 1850இல் ஜோசப் ஹூக்கர் காஸி மலைகளில் (கங்கைக்கரைக் காசி அன்று) நீல வண்டாவை ஏழு ஆள் சுமை திரட்டினார். இங்கிலாந்துக்கு உயிரோடு சென்று சேர்ந்தவை மிகச் சிலவே. இன்று அம்மலர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றது. காட்டிலிருந்து பறித்துவந்து சாலையோரத்தில் விற்பாரிடம் வாங்குவது, எத்தனை மலிவாயினும், அச்சுமைகளோடு இன்னொன்றைச் சேர்ப்பதாகும்.

தொட்டி மாற்றும் பருவம் பூ உதிர்ந்தபின், புது வேர் நுனி தலைகாட்டும் வேளை. பழைய வேர் மண்தொட்டியை இறுகப் பற்றியிருந்தால் பிய்த்தெடுக்க வேண்டா. தொட்டியை மெல்லத் தட்டி உடைத்து, வேர் ஒட்டிய ஓட்டுத்துண்டுகளோடு புதுத் தொட்டியில் வைத்துவிடுங்கள். மாற்றலாகி டில்லி செல்வோர் மரக்கூடையை நம்பலாகாது. அங்கு வீசும் கோடைக்காற்றில் வேர் ஒரே பகலில் வற்றிவிடும். செடி வைத்த மண்தொட்டியைப் பெரிய தொட்டி ஒன்றினுள் இறக்கி, இடைவெளியில் மணலிட்டு, அம்மணலை நனைத்துவந்தால் வைகாசி, ஆனி மாதங்களையும் அது கடந்துவிடும்.